2 ஏக்கர் தோட்டத்துக்கு மொபைல் ஸ்டார்ட்டர், ஆப் எல்லாம் தேவையா?

கேள்வி, 2 மார்ச் 2025

அப்பாவுக்கு தாராபுரம் பக்கம் 2 ஏக்கர், ஒரு போர், 5 எச்பி மோட்டார். நான் சென்னையில வேலை பாக்கறேன். மொபைல் ஸ்டார்ட்டர், ஒரு ஸ்மார்ட்போன், அதுல விவசாயிகளுக்கான அரசோட உழவன் ஆப், எல்லாம் செட் பண்ணிக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஃப்ரெண்டு ஒருத்தன், சின்ன விவசாயிக்கு இதெல்லாம் வேஸ்ட், பெரிய பண்ணைக்குத்தான் கட்டுப்படியாகும்ங்கறான். அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

2 மார்ச் 2025, இரவு 9.50

உங்க ஃப்ரெண்டு சொல்றது தப்புங்க. நான் வெள்ளகோயில் பக்கம் மோட்டார் காயில் கட்டற கடை வெச்சு 19 வருசம் ஆச்சு, சொந்தமா 2 ஏக்கர் சொச்சத்துல முருங்கையும் கொஞ்சம் தென்னையும் இருக்குது, அதனால தோட்டத்துக்காரன் கஷ்டமும் தெரியும், ஸ்டார்ட்டர் பொட்டியைக் கழட்டி உள்ள பாத்தா என்ன இருக்கும்னும் தெரியும். 2015-16 விவசாயக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒருத்தர் கையில இருக்கற நெலம் சராசரியா 0.75 ஹெக்டேர், ஏக்கர்ல சொன்னா ரெண்டுக்கும் கம்மி. 2 ஏக்கர்காரனுக்கு ஒத்து வராத சாமான் இந்த ஊர்ல வேற யாருக்கு ஒத்து வரப்போகுது.

ஆனா நீங்க மூணையும் ஒரே மூட்டையில கட்டறீங்க, அதுதான் சிக்கல். ஸ்டார்ட்டர் வேற, ஸ்மார்ட்போன் வேற, ஆப் வேற. முதல்ல சொன்னது எங்க பக்கம் யாரும் சொல்லிக் குடுக்காமயே காட்டுக்குக் காடு பரவிருச்சு. மூணாவது, கூட்டம் போட்டுச் சொல்லியும் பாதிப் பேரு போன்ல சும்மா கெடக்குது. ஏன்னு நாளைக்கு எழுதறன், கடையில ரெண்டு மோட்டாரு பிரிச்சது பிரிச்சபடி கெடக்குது.

3 மார்ச் 2025, மதியம் 2.15

ஸ்டார்ட்டர் ஏன் பரவுச்சுன்னு கேட்டா பதில் ராத்திரியிலதான் இருக்குது. மோட்டாரு ஓடறதுக்கான த்ரீ பேஸ் கரண்ட் முறை வெச்சு வந்த காலத்துல ஒரு வாரம் பகல்ல வரும், அடுத்த வாரம் ராத்திரி வரும், ராத்திரி வந்தா ராத்திரியிலதான் தண்ணி கட்டோணும். எங்கப்பா ஒரு கையில பேட்டரி லைட்டு, ஒரு கையில தடி, கட்டுவிரியன் கெடக்கற வரப்புல தட்டித் தட்டிப் போவாரு. போய் மோட்டாரைப் போட்டு மடை திருப்பிட்டு வந்து படுத்தா அரை மணியில கரண்ட் போயிரும், வந்துச்சா இல்லையான்னு பாக்க மறுபடி எந்திரிச்சு நடை. தோட்டத்துலயே குடியிருக்கறவங்களுக்கு இது பரவால்ல, ஊருக்குள்ள வீடு வெச்சு ரெண்டு மைல் தள்ளித் தோட்டம் வெச்சிருக்கறவங்க என்ன பண்ணுவாங்க.

அந்த நேரத்துலதான் இந்தப் பொட்டி வந்துச்சு. உள்ள ஒரு சிம் கார்டு, வெளிய பழைய ஸ்டார்ட்டருக்குப் போற ஒயரு, அவ்வளவுதான். நம்ம நம்பரை அதுல பதிஞ்சு வெச்சுட்டா நாம கூப்புடறப்ப அது எடுக்கும், கரண்ட் இருக்குதா இல்லையா, மோட்டாரு ஓடுதா நிக்குதான்னு தமிழ்லயே சொல்லும், ஒரு நம்பரை அமுக்குனா ஓடும், இன்னொண்ணு அமுக்குனா நிக்கும். போர்ல தண்ணி வத்தி மோட்டாரு சும்மா சுத்துனா அது இழுக்கற கரண்ட், அதான் ஆம்ப், எறங்கறதைப் பாத்து தானே நிறுத்திரும். உங்கப்பா 5 எச்பி மோட்டாரு லோடுல 8 ஆம்ப் பக்கம் இழுக்கும், தண்ணி இல்லாம ஓடுனா பாதிக்குக் கிட்ட வந்துரும், அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் அது கண்டுபிடிக்குது. இதுக்கு எழுத்து படிக்கத் தெரியவேண்டியதில்ல, நெட் வேண்டியதில்ல, பட்டன் போன் போதும். என் கடையில 4,000-லிருந்து 8,000 வரைக்கும் பொட்டியைப் பொறுத்து ஆகுது. வேளாண் பொறியியல் துறையில ஒரு வரம்பு வரைக்கும் மானியமும் உண்டு, வாங்கறதுக்கு முன்னாடியே மனு குடுத்துருங்க, வாங்கிட்டுப் போய் நின்னா பிரயோசனம் இல்ல.

தண்ணியும் மிச்சம், காலும் மிச்சம்.

3 மார்ச் 2025, இரவு 10.30

மேல கடைசி வரி அவசரத்துல எழுதிட்டனுங்க. கால் மிச்சம்ங்கறது மட்டும் நிச்சயம். தண்ணி மிச்சம்ங்கறதைப் பத்தி எனக்கு இப்ப வேற யோசனை இருக்குது, தனியா எழுதறன். அதுவரைக்கும் அந்த வரியை நம்பி எதுவும் பண்ணீராதீங்க.

6 மார்ச் 2025, இரவு 9.10

சிம் பத்தி ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. முக்கால்வாசிப் பொட்டி பழைய 2ஜி சிக்னல்ல ஓடறது, 4ஜி மட்டும் இருக்கற கம்பெனி சிம் போட்டா அது கண்ணே முழிக்காது. வாங்கறப்பவே கடைக்காரரைக் கேளுங்க, உங்க தோட்டத்துல எந்த சிக்னல் வருதுன்னு மோட்டார் ரூமுக்குள்ள நின்னு பாருங்க, வெளிய மரத்தடியில நின்னு பாத்துட்டு, பொட்டியை மாட்டுனதுக்கப்பறம் சிக்னல் குறையா வருதுன்னு சொல்லாதீங்க. முன்னாடி ஒரு செல் கம்பெனி திடீர்னு கடையைக் கட்டிட்டுப் போனப்ப ஒரே வாரத்துல இருவது பொட்டிக்கு மேல என் கடைக்கு வந்துச்சு, பொட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள சிம்மு செத்துப்போச்சு. என்ன ரிப்பேர்னே தெரியாம நாலு பேரு புதுப் பொட்டியே வாங்கிட்டாங்க. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, ஒரு சிம்முல முடியற வேலை.

இன்னொண்ணு சொல்றன். எங்க ஊருக்கு கெழக்க ஒரு ஆத்தா, எழுவது தாண்டிருச்சு, வீட்டுக்காரர் தவறிட்டாரு, தனியா ஒன்றரை ஏக்கர் பாத்துக்கறாங்க. எழுத்து தெரியாது. பட்டன் போன்ல 2-ஐ அமுக்கிப் புடிச்சா மோட்டாருக்குப் போன் போற மாதிரி வெச்சுக் குடுத்து, அந்த 2 மேல பேத்தியோட செகப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு வெச்சுக் குடுத்தன். தெனமும் வெடியால அஞ்சு மணிக்கு செகப்பை அமுக்குவாங்க. அந்த சிம்மு மகன் பேர்ல, மகன் ஓசூர்ல. ஐப்பசியில நல்ல மழை, மூணு நாலு மாசம் மோட்டாரே போடல, மகன் ரீசார்ஜ் மறந்துட்டாரு. நம்பர் கட் ஆகி 90 நாள் போச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. குடுத்துட்டாங்க.

மாசி மாசம் காடு காய ஆரம்பிச்சுது, ஆத்தா அஞ்சு மணிக்குச் செகப்பை அமுக்குனா யாரோ ஒரு ஆம்பளை, "அலோ, யாரும்மா"ங்கறாரு. ஆத்தா பொட்டிதான் புதுசாப் பேசுதுன்னு நெனச்சு, "கரண்ட் இருக்குதா சாமி"ன்னு கேட்டிருக்கறாங்க. அவரு "இருக்குதும்மா"ன்னுட்டாரு. இவங்க ஆன் பட்டனை அமுக்கி வெச்சுட்டு வாய்க்காலண்ட போய் ஒக்காந்து ஒரு மணி நேரம் தண்ணி வரும் வரும்னு பாத்திருக்கறாங்க. மூணு நாள் இப்பிடியே. நாலாம் நாளு அவரே எல்லாம் வெவரமாக் கேட்டு, "அம்மா, நான் விழுப்புரத்துல டீக்கடை வெச்சிருக்கறேன், இது மோட்டார் இல்லம்மா, யாராவது மெக்கானிக்கக் கூப்புட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லியிருக்கறாரு. டீக்கடைக்காரரானதால அஞ்சு மணிக்கு முழிச்சிருந்தாரு, கோபமாவும் பேசல. அவரை நான் பாத்ததில்ல, ஆனா நல்ல மனுசன்.

புது சிம்மு ஆத்தா பேர்லயே வாங்கிப் போட்டன். ரீசார்ஜ் தேதியை மோட்டார் ரூம் சொவத்துல கரித்துண்டுல எழுதி வெச்சிருக்கறன்.

7 மார்ச் 2025, காலை 7.20

நேத்து விட்டுப்போச்சு. பொட்டிக்கு டேட்டா வேண்டியதில்ல, பேசறதுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் இருக்கற ரீசார்ஜ் போதும். அப்பிடி ஒரு பேக் கட்டாயம் வெக்கோணும்னு 2024 டிசம்பர்ல செல் கம்பெனிகளைக் கண்காணிக்கற டிராய் ஆணையம் உத்தரவு போட்டுச்சு, அதுல 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி குடுக்கலாம். போன ஜனவரியிலிருந்து கம்பெனிகளும் விட்டிருக்கறாங்க. கடையில கேட்டா டேட்டாவோட இருக்கறதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க, நீங்க பேச்சு மட்டும்னு அழுத்திக் கேளுங்க. ஒரு வருசத்துக்கு ஒரே தடவையாப் போட்டுட்டா மறக்கற பிரச்சனையும் இல்ல.

12 மார்ச் 2025, இரவு 8.45

சரி, உழவன் ஆப். 2018 ஏப்ரல்ல அரசு விட்டது. மானியத்துக்குப் பதியறது, மிசின் வாடகைக்குக் கேக்கறது, உரக்கடையில இருப்பு, விதை இருப்பு, மார்க்கெட் விலை, வானிலை, வேளாண் அலுவலர் எந்த ஊருக்கு எப்ப வர்றாருங்கறது வரைக்கும் அதுல இருக்குது. தமிழ்ல இருக்குது, காசு இல்ல. நான் குறை சொல்ல மாட்டன், சொட்டுநீர் மானியத்துக்கு நானே அதுலதான் ஆரம்பிச்சன், சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், ஏக்கருக்கு எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டா ஆப்பைத் தொறந்த கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

ஆனா எங்கப்பா அதைத் தொறக்க மாட்டாரு. சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க. அவருக்கு ஒரு கேள்வி இருக்கும், "முருங்கையில பூ கொட்டுது, நேத்து காத்தடிச்சுதே அதனாலயா, தண்ணி சாஸ்தியாப் போச்சா?" இதை எந்தப் பட்டன்ல போய் கேக்கறது. ஆப்புல இருக்கறது பதில், அவருகிட்ட இருக்கறது கேள்வி, ரெண்டும் சந்திக்கற எடம் இல்ல. அதே மனுசன் வாட்ஸ்அப்புல பக்கத்துத் தோட்டத்து மாமனுக்கு மூணு நிமிசம் வாய்ஸ் அனுப்புவாரு, பூவைப் போட்டோ புடிச்சு அனுப்புவாரு, யூட்யூப்ல "முருங்கை பூ கொட்டுதல்"னு வாயில சொல்லித் தேடிப் பாப்பாரு. டெக்னாலஜியைக் கண்டு அவரு ஒண்ணும் பயப்படலைங்க, தட்டறதுதான் ஆகாது, பேசறது ஆகும்.

அதுக்குத்தான் ஒரு நம்பர் சொல்றன், எழுதி வெச்சுக்குங்க, 1800-180-1551. கிசான் கால் சென்டர், 2004 ஜனவரியிலிருந்து நடக்குது, காசு இல்ல, காலையில 6-லிருந்து ராத்திரி 10 வரைக்கும் தமிழ்லயே பேசுவாங்க. பூ கொட்டறதுக்கு எங்கப்பா பத்து நிமிசம் பேசுனாரு. அந்தப் பக்கம் இருந்த அம்மிணி முதல்ல தண்ணி எப்பக் கட்டுனீங்க, எவ்வளவு நேரம் கட்டுனீங்கன்னு திருப்பிக் கேட்டுச்சு. அந்தத் திருப்பிக் கேக்கறதுதான் வேணும். போனை வெச்சுட்டு அப்பா சொன்னது, "புள்ளைக்குக் காடு தெரியுது".

13 மார்ச் 2025, காலை 6.50

"சொட்டுநீருக்கு வால்வு கூட தானே தொறக்கற மாதிரி வந்திருக்குதே, அது போடலாமா"ன்னு ஒரு தம்பி. 2 ஏக்கருக்கு வேண்டாம் தம்பி. ஒயரை எலியும் அணிலும் விடாது, உப்புத் தண்ணியில வால்வு இறுகிப்போகும், சரிபண்ண ஆளு கோயமுத்தூர்ல இருந்து வரோணும். கையில திருகற வால்வு போதும்.

15 மார்ச் 2025, இரவு 11.00

இன்னிக்கு இ-சேவை மையத்துல மூணு மணி நேரம் நின்னன், அந்தச் சூட்டோடயே எழுதறன். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வாங்கோணும்னு ஊர் ஊரா முகாம் நடக்குதில்லீங்களா, அதுக்கு. எனக்கு முன்னாடி ஒரு பெரியவரு. பட்டா அவரு அப்பா பேர்ல, அப்பா போய் முப்பது வருசமாச்சு, அண்ணன் தம்பி நாலு பேரு வாய்ச்சொல்லுலயே பாகம் பிரிச்சு அவங்கவங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருக்கறாங்க. கம்ப்யூட்டர்ல அவரு விவசாயியே இல்ல. கூட்டுப்பட்டா வெச்சிருக்கறவங்களுக்கு வேற மாதிரி இழுபறி. கம்ப்யூட்டர் பட்டாவைத்தான் பாக்குது, யாரு கையில மம்பட்டி இருக்குதுன்னு பாக்கறதில்ல.

அப்பறம் ஓடிபி. மத்திய அரசு விவசாயிக்குக் குடுக்கற பிஎம் கிசான்ல வருசத்துக்கு 6,000, மூணு தவணையா 2,000 வருது, 2019-லிருந்து. இடையில ஆளு இவருதான்னு உறுதி பண்ற இ-கேஒய்சி கட்டாயம்னுட்டாங்க, ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஓடிபி வரோணும். ஆதார்ல எந்த நம்பர் இருக்குது? பத்து வருசத்துக்கு முன்னாடி ஆதார் எடுத்தப்ப வீட்டுல இருந்த ஒரே போனோட நம்பரு, அது இன்னேரம் யாரு கையிலயோ, மேல சொன்ன விழுப்புரத்து டீக்கடைக் கதைதான். 2023-ல மொகத்தைக் காட்டி முடிக்கற வழி ஒண்ணு விட்டாங்க, அது உண்மையிலயே நல்ல வேலை, கை ரேகை தேஞ்சு போன பெரியவங்களுக்கு. மம்பட்டி புடிச்ச கையில ரேகை எங்க இருக்கும்.

நான் ஆறாம் தேதி ஆத்தாவுக்கு சிம்மை அவங்க பேர்லயே வாங்குனன்னு எழுதுனதை இப்பத்தான் முழுசா யோசிக்கறன். போன் மகன் பேர்ல, பட்டா வீட்டுக்காரர் பேர்ல, வேலை மட்டும் பொம்பளை தலையில. களை எடுக்கறது, தண்ணி கட்டறது, ஆடு மாடு எல்லாம் அவங்கதான், ஆனா எந்த ஆப்புலயும் அவங்க பேரு வராது. மானியம், இன்சூரன்ஸ், அடையாள எண், எல்லாக் கதவும் பட்டாவுல இருந்துதான் தொறக்குது. வாரிசு சான்றிதழ் வாங்கி பட்டாவை மாத்துங்க, அதுக்கப்பறம் ஆப் பத்திப் பேசலாம். உங்கப்பா தோட்டத்துப் பட்டா யாரு பேர்ல இருக்குது தம்பி? அரசு இணையதளத்துல சர்வே நம்பர் போட்டு இன்னிக்கே பாருங்க.

23 மார்ச் 2025, இரவு 9.30

முருங்கை விலை ஆப்புல தெரிஞ்சா வியாபாரி ஏமாத்த முடியாதுல்லன்னு கேட்டிருந்தீங்க. எனக்கும் ஒரு காலத்துல அந்த நம்பிக்கை முழுசா இருந்துச்சு. கேரளாவுல 1997-லிருந்து 2001 வரைக்கும் கடலோரத்துக்கு செல்போன் வந்தப்ப மத்தி மீன் புடிக்கறவங்க கடல்ல இருந்தே கரைக்குப் போன் போட்டு எந்த ஊர்ல வெலை இருக்குதோ அங்க படகைத் திருப்புனாங்க, ஊருக்கு ஊரு வெலை வித்தியாசம் கொறஞ்சு, விக்காமக் கொட்டற மீனும் நின்னுபோச்சு. ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்கறாங்க, என் மக காலேஜ்ல படிச்சுட்டு வந்து சொன்னா.

ஆனா நம்ம காய் படகுல இல்லீங்க. முருங்கையை வெடியால பறிச்சா சாயங்காலத்துக்குள்ள போட்டாகோணும், அடுத்த நாளு வாடிப்போயிரும். மூணு மூட்டைக்கு வண்டி புடிச்சு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனா வண்டி வாடகைக்கே போயிரும். அதுக்கும் மேல, புள்ளை காலேஜ் பீசுக்கு வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தா காயை அவருகிட்டத்தான் போடோணும். வெலை தெரிஞ்சு என்ன பண்றது, வயித்தெரிச்சல் கூடும்.

ஒரு எடத்துல மட்டும் நான் கண்ணால பாத்த மாத்தம், தேங்காயப் பருப்பு. அது கெடாது, ரெண்டு வாரம் வெச்சிருக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல ஏல வெலை அன்னிக்கே போன்ல வந்துருது, நம்மாளுக பாத்துட்டு இந்த வாரம் வேண்டாம்னு மூட்டையை அப்பிடியே வெச்சுக்கறாங்க. விளைபொருளை ஆன்லைன்ல ஏலம் விடற இ-நாம் 2016 ஏப்ரல் 14-ல ஆரம்பிச்சது, அதுலயும் இந்த மாதிரிக் காஞ்ச சரக்குக்குத்தான் கை கூடி வருது. வெலை தெரியறதுல பிரயோசனம் வரோணும்னா சரக்கு காத்திருக்கோணும், சரக்கு காத்திருக்கோணும்னா மனுசன் கடனில்லாம இருக்கோணும்.

2 ஏப்ரல் 2025, இரவு 10.10

ஸ்டார்ட்டருக்கு வர்றன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஒரு டிரான்ஸ்பார்மர்ல 11 மோட்டாரு. எல்லாரும் பொட்டியை, கரண்ட் வந்தா தானே ஓடற மாதிரி, ஆட்டோல வெச்சுட்டுப் போய் படுத்துக்கறாங்க. கரண்ட் வந்த அடுத்த நொடி 11-ம் ஒண்ணாக் கெளம்பும். மோட்டாரு கெளம்பறப்ப ஓடறதை விட அஞ்சாறு மடங்கு இழுக்கும், 11-ம் சேந்து இழுத்தா வோல்டேஜ் படுத்துரும், லோ வோல்டேஜ்ல எதுவும் சுத்தாது, உறுமும், காயில் காயும், ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கற கன்டாக்டர் சுவிட்ச் பட் பட்னு அடிச்சுக்கும், கடைசில பீஸ் போகும். அந்த வருசம் அந்த ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருந்து மட்டும் ஆறு மோட்டாரு என் கடைக்கு வந்துச்சு. எனக்கு வரும்படிதான், ஆனா ஒரு காயில் கட்டற காசுல அவங்க ஒரு மாசம் சாப்புடலாம்.

பொட்டிக்குள்ள ஒரு சின்ன செட்டிங் இருக்குது, கரண்ட் வந்ததுக்கப்பறம் எத்தன நொடி கழிச்சுக் கெளம்போணும்னு. யாரும் தொடறதில்ல, கம்பெனியில வெச்ச மாதிரியே விட்டுடறாங்க, அதான் எல்லாம் ஒரே நேரத்துல எந்திரிக்குது. ஒரு ஞாயித்துக்கெழமை 11 தோட்டத்துக்காரரையும் டிரான்ஸ்பார்மர் கிட்ட இருக்கற வேப்பமரத்தடியில ஒக்கார வெச்சுப் பேசி, 20 நொடி, 40 நொடி, 60 நொடின்னு வரிசையா ஒவ்வொரு பொட்டிக்கும் வெச்சுக் குடுத்தன். யாரு முதல்லன்னு ஒரு சண்டை வந்துச்சு, ரெண்டு பங்காளிக பத்து வருசமாப் பேசறதில்ல, ஆளுக்கு முன்னாடி ஆளு எந்திரிக்கோணுமாம். கடைசில சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணோம். அதுக்கப்பறம் ரெண்டு வருசத்துல அங்க இருந்து ஒரே ஒரு மோட்டாருதான் வந்திருக்குது, அதுவும் இடி விழுந்து.

இதைச் சொல்றது ஏன்னா, பொட்டி 11 பேரும் அவங்கவங்க காசுல வாங்குனாங்க, கம்பி எல்லாருக்கும் பொது. தனித்தனியா நல்லா வேலை செய்யற சாமான் சேந்தப்ப ஒண்ணையொண்ணு எரிச்சுது.

11 ஏப்ரல் 2025, இரவு 9.00

தண்ணி மிச்சம்னு எழுதுனதுக்கு பாக்கி இது.

என் தோட்டத்துலயே பாத்தன். முன்னாடி நடந்து போய் போடோணும்ங்கறதால வேணும்ங்கறப்பத்தான் மோட்டாரு ஓடும், நேரத்துக்கு நிறுத்தப் போவம். இப்ப வீட்டுல கட்டல்ல படுத்துக்கிட்டே போடறம், அப்பறம் நிறுத்தலாம் அப்பறம் நிறுத்தலாம்னு விட்டுடறம். தமிழ்நாட்டுல 1990-லிருந்து விவசாய மோட்டாருக்குக் கரண்ட் பில்லே இல்ல. அந்த இலவசம் இல்லாட்டி என்ன மாதிரி ஆளுக பாதிப் பேரு காட்டை வித்துட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பம், அதை நான் குறை சொல்லல. ஆனா காலும் நோகல, காசும் போகலன்னா மோட்டாரை எது நிறுத்தும்? போர் காயறதுதான் நிறுத்துது. எங்க ஊர்ல 19 வருசத்துக்கு முன்னாடி நான் எறக்குன மோட்டாரெல்லாம் 300, 400 அடியில, இப்ப ஆயிரத்துக்கும் கீழ எறக்கிக்கிட்டு இருக்கறன். பொட்டியினாலதான்னு சொல்ல மாட்டன், பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணி சரியா வராததும் சேத்தித்தான். ஆனா பொட்டியை வித்தவன்ங்கற முறையில இது என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது.

அதனால இப்ப பொட்டி மாட்டறப்ப நேரம் வெச்சுத்தான் குடுக்கறன், ரெண்டு மணி நேரம் ஓடுனா தானே நிக்கும், மறுபடி வேணும்னா மறுபடி போன் பண்ணோணும். சிலர் திட்டறாங்க. சிலர் ஒரு மாசம் கழிச்சு வந்து பரவால்ல, அந்தத் தண்ணியே போதுதுங்கறாங்க.

இன்னொரு சின்ன சாமான், இதைப் பத்தி யாருமே இங்க எழுதல. கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துல மண்ணு ஈரம் காட்டற கருவி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கறாங்க. ரெண்டு கம்பியை மண்ணுல குத்துனா லைட்டு எரியும், நீலம் எரிஞ்சா ஈரம் நெறைய, பச்சைன்னா போதும், ஆரஞ்சுன்னா தண்ணி கட்டற நேரம் வருது, செகப்புன்னா ஒடனே கட்டு. போன் இல்ல, சிம் இல்ல, ஓடிபி இல்ல. எங்கப்பா கையில குடுத்தன், தென்னைக்கடியில குத்திப் பாத்துட்டு, மேல காஞ்சு வெடிச்சுக் கெடக்கற மண்ணுல பச்சை எரியறதைப் பாத்து நம்பல. மம்பட்டி எடுத்து ஒரு முழம் வெட்டிக் கையில மண்ணை அள்ளிப் புடிச்சுப் பாத்தாரு. உருண்டை புடிச்சுது. அன்னிக்கு மோட்டாரு போடல. இப்ப தெனமும் அதைத் தடி மாதிரி எடுத்துக்கிட்டுத்தான் காட்டுக்குப் போறாரு.

26 மே 2025, இரவு 8.20

ஒரு மாசமா எழுத முடியல, மக கல்யாண வேலை. கேரளாவுல பருவமழை 24-ஆம் தேதியே வந்துருச்சு, 2009-க்கு அப்பறம் இவ்வளவு சீக்கிரம் இப்பத்தான். எங்க பக்கம் மழை மறைவு, காத்துதான் வரும், முருங்கைக்கு முட்டுக் குடுக்கோணும். சேதி மூணு நாள் முந்தியே போன்ல வந்துருச்சு, அப்பாவும் நானும் கயிறு கட்டி முடிச்சுட்டோம்.

வானிலை பத்தி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லயே கிராமத் தகவல் மையம்னு ஆரம்பிச்சாங்க, செல்போன் கையில இல்லாத காலம். வில்லியனூர்ல இருந்து மத்த ஊர்களுக்குச் சேதி போகும். வீராம்பட்டினத்துல கடல் அலை எவ்வளவு ஒசரம் வரும்ங்கறதைக் கம்ப்யூட்டர்ல எடுத்து, ஊருக்கு நடுவுல ஒலிபெருக்கியில படிச்சிருக்கறாங்க, வலை பின்னிக்கிட்டு இருந்தவங்க ஒக்காந்த எடத்துல இருந்தே கேட்டுக்கிட்டாங்க. 2004 சுனாமி அன்னிக்கு நல்லவாடு ஊருக்கு சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணிச் சொல்ல, மையத்துக் கதவைத் தொறந்து அந்த ஒலிபெருக்கியிலதான் எல்லாரையும் ஓடச் சொன்னாங்க, ஊரே தப்பிச்சுது. இதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த ஒலிபெருக்கியைப் போட ஒரு ஆளு வேணும், அந்த ஊர்ல அது யாரு கையில இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு பாருங்க.

எங்க ஊர்ல அந்த ஆளு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக்காரரு. பேசிப் பாக்கோணும், மழை, காத்து சேதியை வெடியாலப் பாட்டுக்கு முன்னாடி ரெண்டு வரி படிக்க முடியுமான்னு.

8 ஜூன் 2025, இரவு 9.40

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கறாரு, சந்தோசம். பட்டா அப்பா பேர்லயே இருக்குதாம், நல்லதாப் போச்சு. பொட்டி வாங்கிட்டாராம், அஞ்சு நம்பர் பதியலாமாம், தன் நம்பரை முதல்ல போடலாமா, சென்னையில இருந்தே மோட்டாரை ஆன் பண்ணி அப்பாவுக்கு உதவியா இருக்கலாமான்னு கேக்கறாரு.

இதுக்கு பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு சம்பவம் சொல்லியாகோணும், இவ்வளவு எழுதியும் இதை எழுதாம விட்டுட்டன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஒரு தோட்டத்துல கேபிள் ஜாயின்ட் போட்டுக்கிட்டு இருந்தோம், நானும் கடைப் பையனும். தோட்டத்துக்காரரு பக்கத்துலயே நின்னாரு. ஸ்டார்ட்டரை ஆப் பண்ணியாச்சுன்னு நாங்க கை வெச்சுட்டோம். அதே நேரம் அவரு மகன் திருப்பூர்ல கம்பெனி டீ டைம்ல, அப்பா தண்ணி கட்டணும்னு காலையில சொன்னாரேன்னு ஞாபகம் வந்து, பாசத்துலதான், போனை எடுத்து ஆன் பண்ணிட்டாரு. பொட்டிக்குள்ள கன்டாக்டர் டக்குனு விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குது. பையன் தூக்கி எறிஞ்சு விழுந்தான். விரல் ரெண்டு கருகிப்போச்சு, உயிருக்கு ஒண்ணும் ஆகல. தப்பு என்னுதுதான், கரண்ட்டையே அறுத்துவிடற மெயின் பீஸ் கேரியரைக் கழட்டாம நான் கை வெச்சிருக்கக் கூடாது. பையன் இப்பவும் என் கடையிலதான் இருக்கறான், கை நல்லா இருக்குது, ஆனா மழைக் காலத்துல அந்த விரல் குடையுதுங்கறான்.

அன்னியிலிருந்து நான் மாட்டற ஒவ்வொரு பொட்டி மூடியிலயும் உள்பக்கம் செகப்பு பெயின்ட்ல எழுதிடறன், "பீஸ் கேரியரைக் கழட்டி ஜோப்புல போட்டுட்டு கை வை"ன்னு. உங்க பொட்டியிலயும் எழுதுங்க தம்பி. அப்பா நம்பர் முதல்ல, அம்மா நம்பர் ரெண்டாவது, உங்க ஊர் மெக்கானிக் நம்பரை மூடியில ஒட்டுங்க. உங்க நம்பரைக் கடைசில போட்டுக்குங்க, ஆனா அமுக்கறதுக்கு முன்னாடி அப்பாவைக் கூப்புட்டு "எங்கப்பா நிக்கறீங்க"ன்னு கேட்டுட்டு அமுக்குங்க.